தலைமாட்டுக்கு இரண்டு கல்

துண்டில் "களம்" என்றிருந்தது.
சூடடிக்கிற களம் தெரியும் எனக்கு,
மற்றக் களமும் தெரியும்.
இது மூன்றாவது,
தொண்டைக்கும் இரைப்பைக்கும் நடுவில் என்றாள்
வவுனியா ஆஸ்பத்திரித் தாதி.

கறுத்தக் குழாயை விழுங்கச் சொன்னார்கள்.
திரையில் ஈரமான சிவந்த ஓடை.
அடியில், இரைப்பை வாசலுக்குச் சற்று மேலே
பயற்றங்கொட்டை அளவில் ஒரு முளை.
கிள்ளிச் சின்னப் போத்தலில் போட்டார்கள்.
மறுமொழி வர மூன்று கிழமை.

மூன்று கிழமையும் நெடுங்கேணி வயலில்
யானைக்குக் காவல்.
பதினொரு மணிக்குப் பாண், கட்டைச்சம்பல்,
சாயம் கூடின பிளேன்ரீ,
உடனே பரணில் சாய்வு.
பிறகு நெஞ்சுக்குள் ஏறும் புளிப்பு.
வெடி கொளுத்தினால்
யானை திரும்பிப் போகும்.
இது போகாது.
அற்புதமலருக்கு ஒன்றும் சொல்லவில்லை.
உழவு மெசின் லீசிங் மிச்சம்,
ஆர் ஆர் எவ்வளவு தரவேணும்,
எல்லாம் கொப்பியில் எழுதி வைத்தேன்.

இருபத்தோராம் நாள்
சிங்கள டொக்டர் சிரித்தார்.
"கான்சர் இல்லை. அசிட்.
மேலே மேலே வந்து சுட்டது,
சுட்ட இடம் தடிச்சது. பயம் வேண்டாம்.
சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் படுக்காதே.
கட்டில் தலைமாடு உயர்த்து."

வேலியோரம் கிடந்தன
வீட்டுத்திட்டத்தில் மிஞ்சின கல் இரண்டு.
வைத்தேன்.
இரவெல்லாம் நானும் அவளும்
கால்மாட்டுக்கு வழுக்கி வருகிறோம்.
"இதென்ன புதுப் பழக்கம்?" என்கிறாள் இருட்டில்.
சொல்லத்தான் வேண்டும்.
அதற்கு முதல்
அந்தக் கொப்பியை எங்கேயாவது ஒளிக்க வேண்டும்.