ஏரியோரம் குளிர் கூடுதல்

டுலூத் வானொலிக்கு ஒரு வழக்கம்.
ஊருக்கெல்லாம் ஒரு வெப்பநிலை சொல்லிவிட்டு
லேசாகச் செருமிக்கொண்டு
"ஏரியோரம் குளிர் கூடுதல்" என்பார்கள்.
நான் ஏரியோரம் குடியிருக்கிறேன்.

மார்ச் முதல் வாரம்.
குளிர்பதனப் பெட்டியின் தலையில்
ஈரக் காகிதத்துக்குள் நாற்பது மிளகாய் விதை.
ஒன்பது நாள் ஒன்றுமில்லை.
பத்தாம் நாள் ஒரு வெள்ளைக் கொக்கி,
வாக்கியம் இல்லாத காற்புள்ளி.
மறுநாள் பதினேழு.
மற்றவை தங்களுக்குத் தோன்றியபோது.
தயிர்க் கோப்பைகளுக்கு மாற்றும்போது எண்ணினேன்,
முப்பத்தொன்று.

ஏப்ரலில் துறைமுகப் பனி பாளம் பாளமாய் உடைந்தது.
காற்று திரும்பினால் மறுபடி வந்து
கடன் கொடுத்தவன் மாதிரி கரையில் நின்றது.
சன்னலோரக் கன்றுகள் கழுத்து நீண்டு சாய்ந்தன.
மின்விசிறியை ஒன்றில் வைத்தேன்,
ஆடினால்தான் தண்டு தடிக்குமாம்.
இலையடியில் ஊதா நரம்பு ஓடியது.
அந்த நிறம் எனக்குத் தெரியும்.
காலை ஆறே முக்காலுக்கு
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்ததும்
பிள்ளைகளின் உதட்டில் ஏறிவருவது.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். எண் பதினான்கு.
எட்டரைக்குக் காலி. இரண்டரை வரை
பணிமனைச் சுவரோரம் வெயிலில் நிற்கும்.
வெளியே கையுறை வேண்டும்.
உள்ளே சட்டைக் கையை மடித்துவிட வேண்டும்.
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.
ஒருநாள் மதியம் ரொட்டி தின்றபோது வேர்த்தது,
அவ்வளவுதான்.

மே முழுக்கக் கன்றுகள் பள்ளிக்குப் போய்வந்தன.
இருக்கைக்கு இரண்டாக.
மேற்பார்வையாளர் ஸ்டென்லண்ட் படியில் நின்று எட்டிப் பார்த்து
"இவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து இருக்கிறதா?" என்றார்.
சிரிக்காமல் ஜோக் சொல்பவர்.
இருந்தாலும் எனக்குக் கை நடுங்கியது.

முதல் நாளே நான்கு கன்று
கண்ணாடி வெயிலில் காகிதமாய் வெளுத்தது.
பிறகு செய்தித்தாள் கூரை.
பிறகு சன்னலை ஒரு விரல் திறந்து ஏரிக்காற்று,
மறுநாள் இரண்டு விரல்.
பிள்ளைகள் ஏறுமுன் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி
என் முதுகுக்குப் பின்னால் வைப்பேன்.

ஒரு வியாழன் மாலை முப்பதுதான் இருந்தது.
இருக்கைகளுக்கு அடியில் தேடினேன்:
ஒற்றைக் கையுறை, ஆரஞ்சுத் தோல்,
தப்பாகப் போட்ட கழித்தல் கணக்கு.
தேடியதே ஒரு பாவனைதான்.
கடைசி நிறுத்தத்தில் இறங்கும் ஃபுவே லோர்,
விழுந்த பல்லையும் பக்கத்து வீட்டு நாயையும்
வழியெல்லாம் எனக்கு ஒப்பிப்பவன்,
அன்று வாயைத் திறக்கவில்லை.
கோட்டுக்குள் எதையோ அணைத்து,
கண்ணாடித் தரையில் நடப்பவன் மாதிரி இறங்கினான்.
கதவை மூடினேன்,
எப்போதையும்விடக் கொஞ்சம் மெதுவாக.

ஜூன் இரண்டில் மண்ணில் நட்டேன். பொறுமை போய்விட்டது.
மூன்றாம் இரவு உறைபனி.
தலையணை உறை, துவாலை, என் மழைக்கோட்டு,
எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் போர்த்தினேன்.
விடிந்தபோது பதினொன்று நின்றது.
மற்றவை வெந்த கீரை.
வானொலி சொன்னது சொன்னபடி.
அதை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

லோர் வீட்டின் மாடிச் சன்னலில் ஒரு தயிர்க் கோப்பை.
அதே நீல எழுத்து.
கன்று என்னுடையவற்றைவிட ஒரு சாண் உயரம்.
உச்சியில் வெள்ளையாய் ஏதோ,
மொட்டோ, கண்ணாடியில் விழுந்த வானமோ.

ஃபுவே முதல் படியில் கால் வைத்து நின்றான்.
உதடு அன்று சாதாரண நிறம்.
"அது உறைக்குமா?" என்றான்.

தெரியாது என்றேன்,
விதைப் பொட்டலத்தைத் தொலைத்துவிட்டேன்.

அவன் அதை யோசித்தான்.
நீட்டிய சிவப்புப் பலகைக்குப் பின்னால்
மூன்று கார்கள் காத்து நின்றன.