சாரை இருந்த பதினொரு நாள்

“ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பீங்க?”
போனில் கேட்டார் விளாத்திகுளம் கருத்தப்பாண்டியன்.
பூம்பாறையிலிருந்து கூக்கால்,
அங்கிருந்து ஏரிக்கு மேலே தோட்டங்கள்,
மழை இல்லையென்றால் மூன்று மணிக்குள் திரும்பிவிடுவேன் என்றேன்.
தபால்காரி என்பதைக் கடைசியில்தான் சொன்னேன்.
சிரித்தார்.
“உங்களப் பாத்துக் குரைக்காத நாய் ஒண்ணு வேணும்,
அவ்வளவுதானே?”

அதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தேன்.
லேப்ரடார் இரண்டாவது வளைவில் உட்கார்ந்து
பிஸ்கட் கேட்கும்.
எஸ்டேட் டாக்டரின் பீகிள்
மூக்கை நம்பிப் போய் இரண்டு ராத்திரி
சோலைக்குள் கிடந்தது.
சிப்பிப்பாறைக்குக் கால்தான் உடம்பே.
எனக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பூண்டு ஏற்ற வந்த லாரியில்,
காலிச் சாக்குகளின் மேல்
நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள்.
இறங்கியதும் முன்கால் ஒன்றைத் தூக்கித்
தரையைப் பற்றி யோசித்தாள்.
கரிசலில் பிறந்தவள்.
மண் கறுப்பாய் இருக்கும், வெடிக்கும்,
ஒட்டும் என்பதெல்லாம் தெரியும்.
காலையில் மண் வெள்ளையாய் இருக்கும் என்று
யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

என் பழைய ஸ்வெட்டரின் கைகளை
முழங்கைக்கு மேலே வெட்டி
அவள் முன்கால்களை நுழைத்தேன்.
விலா எலும்பு ஒவ்வொன்றும்
கம்பளியைத் தாண்டித் தெரிந்தது.

நடையில் குறை சொல்ல முடியாது.
நான் பத்து அடி வைத்தால்
அவள் நாற்பது ஓடி, திரும்பி வந்து,
இன்னும் இங்கேயா நிற்கிறாய் என்று பார்ப்பாள்.
உருளைக்கிழங்குக் காட்டு நாய்கள்
வழக்கமாக என் காக்கிப் பையைக் கண்டு கத்துகிறவை,
அந்த வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தன.

மூடுபனியில்தான் தெரிந்தது.
கண்ணால் வேட்டையாடுகிற நாய்.
மூன்றடிக்கு அப்பால் உலகம் இல்லாமல் போனால்
அவளுக்கு வேலை இல்லை.
முழங்காலோடு ஒட்டிக்கொண்டு
ஒரு கிழவியைப் போல நடந்தாள்.
இந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள்
மூன்றடிதான்.

மீதிப் பாதி அதைவிட மோசம்.
எட்டாம் நாள் வானம் பளிச்சென்றிருந்தது.
எதிர்ச் சரிவில், புல்லுக்கு மேலே
ஒரு மிளாவின் காது.
நான் பார்க்கவில்லை. சங்கிலி பார்த்தது.
நான் விழுந்தேன், பை விழுந்தது.
இன்சூரன்ஸ் கடுதாசி ஒன்று ஓடைக்குள்,
வங்கி நோட்டீஸ் முள்ளில்,
ஞானதிரவியத்தின் பென்ஷன் பணம் மட்டும்
என் இடுப்பில் இருந்ததால் தப்பித்தது.
முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்,
விரலிடுக்கெல்லாம் அட்டை,
கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.
நான் உப்புத் தேய்க்கும்போதும்
அவள் அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காட்டுக்குள்ள விரட்டினா கேஸ்தான்க்கா,”
என்றான் வாட்சர் சூசைராஜ்.
“இல்லாட்டி சிறுத்தை.
ரெண்டுல எது முந்துதோ.”
நல்லவன், மெதுவாகத்தான் சொன்னான்.

அன்றிரவு அவளைக் கட்டிப்போட்டேன்.
கட்டிப்போடுவதற்கா சிப்பிப்பாறை?
கட்டாமல் இருப்பதற்கா இந்த மலை?
அடுப்புப் பக்கம் படுத்து
தூக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள், நான்கு காலும்.

வடுகபட்டிச் சந்தைக்குப் போகும் லாரியில்
இந்த முறை நானும் ஏறினேன்.
காட்ரோட்டில் வெயில் முகத்தில் அடித்தது.
பதினொரு நாளில் முதல் தடவையாக
அவள் நடுக்கம் நின்றது.
கருத்தப்பாண்டியனின் மருமகன் பைக்கோடு நின்றிருந்தான்.
ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.
“அங்க இது எதுக்குக்கா?”

நேற்று அவரே கூப்பிட்டார்.
தட்டான்கண்மாய்ப் பக்கம்
அவள் ஓடுகிற ஓட்டத்தை நின்று பார்க்கிறார்களாம்.
“வேற ஜாதி ஏதாவது பாக்கட்டுமா?
நீங்க எத்தனை மைல் நடப்பீங்கன்னு தெரியும்.”
என் நடையைக் கேட்டீர்கள்,
எங்கே நடக்கிறேன் என்று கேட்கவில்லையே என்றேன்.
நானும் சொல்லவில்லை என்பதைச்
சொல்லவில்லை.

யூனிபார்முக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.
துவைத்தாயிற்று. இருந்தும் கம்பளிக்குள்ளே
கோரைப்புல் மாதிரி வெள்ளை மயிர்.
முழங்கைவரைக்கும் கதகதப்பு.
அதற்குக் கீழே
பூம்பாறை.