முப்பத்திரண்டாவது பெயர்

சித்திரையில் அது ஒரு நெல்மணி.
வலது விலாவுக்குக் கீழே
புடவைக் கொசுவத்தில் மாட்டிக்கொண்டது போல
எப்போதாவது உறுத்தும்.
ஆனியில் ஒரு கைப்பிடி.
இப்போது ஆவணி.
புதுவயல் மில் ஆபீஸ் நாற்காலியில்
இடப்பக்கம் சாய்ந்தால்தான் உட்கார முடிகிறது.

டாக்டர் மதுரையிலிருந்து
செவ்வாயும் சனியும்தான் காரைக்குடி வருவார்.
டோக்கனுக்குக் காலை ஏழு மணிக்குப் போன் பண்ண வேண்டும்.
ஏழு மணிக்கு அந்த நம்பர் பிஸி.
ஏழு ஒன்றுக்குப் பிஸி.
ஏழு பதினொன்றுக்கு எடுத்த குரல்
'முடிஞ்சிருச்சும்மா' என்றது.
நான் இன்னும் பேரே சொல்லவில்லை.

ஒன்பது தடவை இப்படி.
பத்தாவது தடவை, கம்பவுண்டர் வயிரவனுக்கு
என் குரல் பழகிப்போய்,
'வீடியோவில பார்ப்பாரு, முந்நூறு ரூபா அனுப்பிருங்க' என்றார்.

மில்லுக்குப் பின்னால் தவிட்டு அறை.
சத்தம் கொஞ்சம் குறையும் இடம்.
போனை மூட்டைமேல் சாய்த்து வைத்து
ரவிக்கைக்குக் கீழே விரல் வைத்து
இங்கே, என்றேன்.
'எங்க?'
இங்கே.
'சத்தமாச் சொல்லுங்க, என்ன மெஷின் ஓடுது அங்க?'
படம் உறைந்துவிட்டது.
அவர் வாய் திறந்தபடி. என் விரல் விலாவில்.
பிறகு குரல் மட்டும் வந்தது:
'வாயுவா இருக்கும். பத்துக்கு எவ்வளவு வலி?'
நான் கணக்கு எழுதுகிறவள்.
ஏழரை என்றேன்.
'அரை எதுக்கு?' என்று சிரித்தார்.
ராத்திரி இரண்டு மணிக்குச்
சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்,
அதற்குத்தான் அந்த அரை.
சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பத்து நாள் மாத்திரை.
வலி அதையும் சாப்பிட்டு வளர்ந்தது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம்.
கொண்டு வந்தவர் முதலாளியின் சம்பந்தியே ஆனாலும்
குத்தூசி போடாமல் விலை சொல்வதில்லை.
சாக்கின் வயிற்றில் செருகி, இழுத்து,
உள்ளங்கையில் கொட்டி,
ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான்
சோலைமலை வாயைத் திறப்பார்.
போன வாரம், நெல்லைப் போட்டோ பிடித்து அனுப்பிய
திருவாடானைக்காரரிடம் கத்தினார்:
'படத்துல ஈரம் தெரியுமாய்யா?'
நான் பேரேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.
தவிட்டுத் தூசியில்
இங்கே எல்லாருக்குமே கண் கலங்கும்.

சனிக்கிழமை விடியுமுன்
பால் வண்டியின் முன்சீட்டில் போனேன்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு முருகா.
செக்காலை ரோட்டில் கிளினிக் கேட் பூட்டியிருந்தது.
கம்பியில் சணலில் தொங்கியது ஒரு நோட்டு.
முப்பத்தொரு பெயர்.
எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை.
எதிர்க் கடையில் காதில் பேனா செருகிய ஆள்
டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
'பேருக்கு அம்பது ரூவா.
செவ்வாய்க்கு முதப் பத்துல போட்டுரவா?'
டாக்டர் முப்பது பேர்தான் பார்ப்பார்.
முப்பத்திரண்டு என்று போட்டு
உண்ணாமலை, புதுவயல் என்று எழுதினேன்,
நீல மையில்,
அடித்தல் திருத்தல் இல்லாமல்.

இரண்டு மணிக்கு வயிரவன் கதவைச் சாத்த வந்தார்.
பதினேழு வரலை, என்றேன்.
இருபத்தினாலும் வரலை.
கழிச்சுப் பாருங்க.
அவர் விரல் மடக்கினார்.
நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள்,
காலையிலிருந்து ஒவ்வொரு தலையாக வரவு வைத்தவள்.
'சரி, உள்ள வாங்க.'

ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்த வார்த்தை
ஒன்றுகூட வாயில் இல்லை.
படுக்கச் சொன்னார்.
ஏசியில் குளிர்ந்த நான்கு விரல்
விலாவுக்குக் கீழே இறங்கி,
நின்று, அழுத்தியது.
எனக்கு வந்த சத்தம் மில் சங்கு மாதிரி இருந்திருக்கும்,
வெளியே பெஞ்சில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

கையை எடுக்காமலே டாக்டர் கேட்டார்:
'இதை வச்சுக்கிட்டு இத்தனை நாள் ஏம்மா வரலை?'

நான் வயிரவனைப் பார்த்தேன்.
வயிரவன் ஃபேனைப் பார்த்தார்.