அறுநூற்றுப் பதினோரு நாள்

மாவு டப்பாவுக்கும் மாங்காய் ஊறுகாய்க்கும் நடுவில்
என் சர்வர் இருக்கிறது.
டர்பனில் ஏதோ வக்கீல் ஆபீஸ் கழித்துக்கட்டிய பெட்டி.
எழுநூறு ராண்ட். பேரம் பேசவில்லை.
சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டில்,
இதைவிட அக்கறையாகத் தூசி தட்டப்படுவது
மாரியம்மன் படம் ஒன்றுதான்.

எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு.
கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

பிரிண்டர்,
தின்னத் தெரிந்த, துப்பத் தெரியாத ஜந்து.
நீல மை தீர்ந்ததற்காகக்
கறுப்பில் அச்சடிக்க மறுக்கும் ஒன்றோடு
எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

பேசும் ஃப்ரிட்ஜ் வேண்டாம்.
பால் இருக்கிறதா, கதவைத் திற,
விளக்கு எரியும்.
எரியாவிட்டால் லோட் ஷெட்டிங்.
பாலுக்கும் அது தெரியும்.

அப்டேட் கேட்கிறது: இப்போதா, இன்றிரவா?
"வேண்டாம்" என்றொரு பொத்தான் இருந்தது முன்பு.
எங்கோ ஒரு கூட்டத்தில்
அதை எடுத்துவிடக் கை தூக்கியவர்கள்
இன்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

பேட்டரியைக் கழற்ற விடாத போன்
வாங்கியதல்ல, வாடகை.

என் பெயர் தனலோஷினி.
வங்கியின் கட்டத்தில் பத்து எழுத்துக்கு மேல் இடமில்லை,
அட்டையில் நான் தனலோஷி.
இந்தத் துறைமுகத்தில் நூற்றைம்பது வருஷமாக
எங்கள் பெயர்களை யாராவது கத்தரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.
அப்போது குமாஸ்தா.
இப்போது ஒரு கட்டம்.

சரி, சர்வருக்கு வருகிறேன்.
இரண்டு லாரி பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர்,
அறுநூற்றுப் பதினோரு நாள்
ஒரு நொடியும் நிற்கவில்லை.
ஆறாம் நிலை லோட் ஷெட்டிங்கில்
தெருவே பிளாஸ்டிக் பக்கெட்டில் குளித்தபோது
உக்கிராண அறையில் ஒரு பச்சைப் புள்ளி
மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
மாங்காய் சீசனில் குரங்கு
ஃபைபர் கேபிளைக் கடித்துப் பார்த்துத் துப்பியது.
ஒன்பது நாள் வெளி உலகமே கிடையாது.
அப்போதும் ஓடியது,
யாருடனும் பேசாமல்,
கோபித்துக்கொண்ட மாமா மாதிரி.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை
கொழுந்தன் வாசிகிரன் வந்தான், கையில் ஏர் ஃப்ரையர்.
இந்த நாட்டு ப்ளக்குக்கு யானைக்கால் மூன்று,
ஒன்றை எடுக்காமல் இன்னொன்று நுழையாது.
எடுத்தான்.

அடுக்களையில் நான் கேட்டது
ஒரு சத்தம் இல்லாமல் போனதை.

"ஒரு பெட்டிதானே அண்ணி,
அதில் அப்படி என்னதான் இருக்கு?"

யாரும் இதுவரை கேட்டதில்லை.
தண்ணீர் ரசீதுகள்.
யாரும் பார்க்காத கல்யாண வீடியோ, மூன்று பிரதி.
அந்த மூன்றுக்கும் ஒரு பிரதி.
செத்துப்போன மோடத்தின் கையேடு.
காவடியன்று எடுத்த நானூறு படம்,
பெரும்பாலும் முதுகுகள்.
"கணக்கு வழக்கு" என்றேன்.

பதிவேட்டைத் திறந்து பார்த்தேன்.
மாலை நான்கு ஏழு, நாற்பத்தொரு வினாடி:
வெப்பநிலை இயல்பு.
அதற்குக் கீழே ஒன்றுமில்லை.
நாளிதழில் வரும் இரங்கல் எதுவும்
இவ்வளவு நேர்மையாக முடிந்ததில்லை.

சமூசா மொறுமொறுவென்று வந்தது, எண்ணெயே இல்லாமல்.
ஏர் ஃப்ரையர் பற்றியும்
என்னிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது.
நான்கு சாப்பிட்டேன்.
அதை இன்னும் திருத்தவில்லை.

எல்லாரும் போன பிறகு
பொத்தானை அழுத்தினேன். விசிறி இருமிவிட்டுச் சுழன்றது.
ஓடிய காலம்: நான்கு நிமிடம்.

சுவிட்சின் மேல் டேப் ஒட்டி
"தொடாதே" என்று எழுதினேன், தமிழில்.
சனிக்கிழமை வகுப்பில் மூன்று வருஷம் படித்த எழுத்து,
இந்த வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்க வராது.
இங்கிலீஷில் எழுதினால்
ஏன் என்று கேட்பார்கள்.
இதை மந்திரம் என்று நினைத்து
விலகிப் போவார்கள்.
நேற்று யாரோ அதற்குக்
குங்குமம் வைத்திருக்கிறார்கள்.