உள்தையல்

தொண்ணூறு அடி ரோட்டில்
சைக்கிள் கடைக்கும் மொபைல் கடைக்கும் நடுவே
நாலடி அகலம் என் கடை.
தைப்பதைவிடப் பிரிப்பதுதான் அதிகம்.
பக்கத் தையலை அவிழ்த்தால்
உள்ளே மடிந்த துணியில்
அரை இஞ்சு, முக்கால் இஞ்சு
மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இடுப்பில் டேப்பைச் சுற்றியதும்
எல்லோரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள்.
நானும் தெரியாததுபோல
டேப்புக்குள் ஒரு விரல் விட்டு அளப்பேன்.

என் நீலச் சுடிதாரை
மூன்று முறை பிரித்தாயிற்று.
நாலாவது முறை
கத்தரி முனையால் நெருடிப் பார்த்தேன்.
துணியே இல்லை.
ஓரம்.
ஓரத்துக்கு அப்புறம் நான்.

எங்கிருந்து வந்தது இந்த வயிறு?
என் தட்டில் நான் போட்டுக்கொண்டது கொஞ்சம்தான்,
சத்தியமாக.
பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்,
பாக்கி கேட்டு வரும் நூல்கடைக்காரனைப்போல.
ஜெபின் கடித்து வைத்த அரைத் தோசை.
ஷைனி ஒதுக்கிய உருளைக்கிழங்கு.
குக்கர் அடியில் ஒரு கரண்டி,
நாளைக்கு வைக்கப் போதாது, கொட்ட மனசில்லை.
யார் வந்தாலும் ஒரு சாய்,
ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.
சாய்க்குத் துணையாய் எதிர்க்கடை வடாபாவ்.
நின்றுகொண்டு தின்பது
கணக்கில் வராது என்று இருந்துவிட்டேன்.

சாலமோன் பை தைக்கும் பட்டறையிலிருந்து
பத்தே முக்காலுக்கு வருவார்.
அவரோடுதான் சாப்பாடு என்பது
பாதிரியார் கேட்காமலே நான் கொடுத்த வாக்கு.
எட்டு மணிக்குப் பசி வரும்,
காராசேவு கொடுத்து உட்காரவைப்பேன்.
ஒன்பதுக்கு மறுபடி எழும், பிஸ்கெட்.
பத்தே முக்காலுக்கு
நாலு பேர் பசியோடு சோற்றில் விழுவேன்.
பதினொன்றுக்குப் படுக்கை.
சோறும் என்னோடு படுக்கும்.
காலையில் நான் மட்டும் எழுவேன்.

செய்தது பெரிதாக ஒன்றுமில்லை.
ஏழரைக்குத் தட்டோடு தரையில் உட்கார்ந்தேன்.
பக்கத்துவீட்டு சுனந்தா தட்டிக்கொடுத்த சோள பாக்ரி ஒன்று,
முளைகட்டிய நரிப்பயறு, வெள்ளரி, மோர்.
டிவியை அணைத்துவிட்டு மென்றேன்.
என் பல்லின் சத்தம் எனக்கே கேட்டது.
யாரோ பார்ப்பதுபோல வெட்கமாயிருந்தது.

"எம்மா, இதை நீ சாப்பிடலையா?"
தட்டை நீட்டினான் ஜெபின்.
"நான் என்ன குப்பைத்தொட்டியா?"
நினைத்ததைவிடச் சத்தமாய் வந்துவிட்டது.
அடுத்த வீட்டில் பாத்திரம் கழுவும் ஓசை நின்று
பிறகு தொடர்ந்தது.

முதல் நாள் சாலமோன்
மூடி வைத்த ஒற்றைத் தட்டைப் பார்த்தார்.
"நீ சாப்டாச்சா?"
"ஆச்சு."
கோபமெல்லாம் இல்லை.
இருட்டில் இறங்கும்போது
ஒரு படி குறைந்ததுபோல நின்றார், அவ்வளவுதான்.
பக்கத்தில் வெறுங்கையோடு உட்கார்ந்தேன்.
பன்னிரண்டு வருஷத்தில் அன்றுதான்
அவர் சாப்பிடுவதைப் பார்த்தேன்.
எத்தனை வேகமாய் விழுங்குகிறார்!
ஒருநாள் அவர் இடுப்பிலும் டேப் போடவேண்டும்.

நாலு மாதம் ஆகிறது.
ஒன்றே முக்கால் இஞ்சு.
வயிறு இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.
சாயில் சர்க்கரை அரை ஸ்பூன்,
அதற்குக் கீழே இறங்க மனம் வரவில்லை.
சனிக்கிழமை வடாபாவ் உண்டு,
ஒன்றே ஒன்று, உட்கார்ந்து.

நேற்று நீலச் சுடிதாரை எடுத்தேன்.
வெளியே வெளுத்திருந்தது.
பிரித்துவிட்ட பட்டை மட்டும்
வாங்கிய அன்றைய கருநீலம்.
பழைய தையல் போன வழியெங்கும்
பொடிப்பொடித் துளைகள்.
கடைசித் துளைவரிசை வரைக்கும்தான்
ஊசி போயிற்று.
மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

இன்று காலை ஓர் அம்மாள் வந்தார்,
மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை.
டேப்பைச் சுற்றியதும்
மூச்சை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.
"விடுங்கக்கா" என்றேன்.
"மூச்ச விடுங்க. நான் காத்திருக்கேன்."