கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில்

சோலையப்பன் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கேட்கிறார்:
"எந்தத் தரை போட்டா வேலையே இருக்காது?"
பம்பை அணைத்தேன்.
கேட்டிலிருந்து கார் ஷெட் வரை அறுபது அடி,
பழைய சிமென்ட்,
மேலே நாவல் மரம்.
ஆனி முழுக்க விழுந்ததைக் காகம் மிதித்து
டயர் அரைத்து வைத்திருக்கிறது.

பேவர் பிளாக் வேண்டுமா?
கழனிவாசலில் உமையாள் ஆச்சி வீட்டுக்கு
வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகக்கண் அளவு சந்து,
அந்தச் சந்துதான் என் வருமானம்.
எறும்பு உள்மணலைச் சுமந்து வெளியே குவிக்கும்.
கோரை முளைக்கும், பிடுங்கினால் கல்லும் ஆடும்.
பிரஷரைக் கூட்டினாலோ அழுக்கோடு மணலும் எகிறி
வெள்ளைச் சுவரில் அம்மை வார்த்துவிடும்.
அப்புறம் மணலைச் சலித்து
துடைப்பத்தால் சந்து சந்தாக ஊட்ட வேண்டும்.
அடைக்கலம் அதைச் செய்யும்போது மட்டும்
பொறுமைசாலி.

எண்ணெய் பட்ட கல்லை நெம்பியெடுத்துத்
திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், அது ஒரு சௌகரியம்.
ஆச்சி வீட்டில் ஏழு கல் குப்புறப் படுத்திருக்கின்றன.
எந்த ஏழு என்று
எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

தேவகோட்டை டாக்டர் வீட்டில் கான்கிரீட்.
"பெருக்கினாப் போதும்" என்றார் மேஸ்திரி,
பெருக்கினார்கள்.
ஐப்பசியில் வடக்கு ஓரம் பச்சை பூத்தது.
டாக்டர் வழுக்கி விழுந்து
இன்னொரு டாக்டரிடம் போனார்.
பிளீச்சிங் பவுடர் தூவி அரைமணி ஊறவிட்டு
நார் பிரஷ்ஷால் தேய்த்தேன்.
எண்ணெய்க்கு மரத்தூள், அதன்மேல் சோப்பும் சோடாவும்.
ஆசிட் ஊற்றாதீர்கள் என்பேன்.
ஏற்கெனவே ஊற்றியிருப்பார்கள்.
கறை போயிருக்கும்,
அதன் வடிவத்திலேயே ஒரு வெளுப்பு
கறையைவிடப் பளிச்சென்று.

கானாடுகாத்தான் விடுதியில் செம்மண் கிராவல்.
என்னைக் கூப்பிட்டதில்லை,
கழுவ அங்கே என்ன இருக்கிறது?
பஞ்சவர்ணம் விடியலில் இரும்பு வாரியால்
கோடு கோடாக இழுத்துவிட்டுப் போவாள்.
ஒன்பது மணிக் கார் அதை அழிக்கும்.
பழம் விழுந்தால் மண்ணே விழுங்கிக்கொள்ளும்,
கறை என்றால் ஒரு கை அள்ளி எறிந்தால் தீர்ந்தது.
ஆனால் ஒரு பெருமழைக்குப் பாதி லோடு
தெருவுக்குப் போய்விடும்.
மீதி, விருந்தாளி செருப்பில் ஏறி
ஹால் முழுக்கச் சிவப்பு.
வெளியே மிச்சம் பிடித்த வேலை
உள்ளே குந்தியிருக்கும், மாப்புக்காக.

புதுவயலில் ஒருவர்
கார் ஏறும் பாதைக்கே ஆத்தங்குடிக் கல் பதித்தார்.
சக்கரம் திரும்புமிடத்தில் மூன்றே மாதம்,
தாமரைக்கு இதழில்லை.
என் மெஷினைப் பிடித்தால் காம்பும் போய்விடும் என்று
காசு வாங்காமல் திரும்பிய ஒரே வீடு அது.
பெட்ரோல் காசு இன்னும் உறுத்துகிறது.

"என்ன பொன்னழகி, பதிலைக் காணோம்?"

"எதைப் போட்டாலும் மரம் மேலேதானே இருக்கு சார்?"

"மரத்தை எடுத்துட்டா?"

அண்ணாந்து பார்த்தேன். அடைக்கலமும் பார்த்தான்.
"எடுத்தா வெயிலுக்கு ஷீட் போடுவீங்க.
மழைத்தண்ணி ஷீட் ஓரமா
ஒரே கோட்டுல விழும்.
அந்தக் கோட்டுல பாசி."

அவர் சிரித்தாரா, சிக்னல் போனதா, தெரியவில்லை.

ஓஸைச் சுருட்டினோம்.
நாவல் நீலம் முக்கால்வாசி போயிருந்தது,
மீதியை இந்த வெயில் தின்னும்.
எங்கள் குட்டியானையை ரிவர்ஸ் எடுத்தான் அடைக்கலம்.
அது நின்ற இடத்தில்
ஈரத் தரையில்
வானவில் காட்டியபடி ஒரு ரூபாய் அளவு எண்ணெய்.
பக்கத்திலேயே இன்னொன்று.

வாட்ச்மேன் சேவுகன் பணத்தோடு வருகிறார்,
ஆயிரத்து எண்ணூறு.
அடைக்கலம் மரத்தூள் மூட்டையைத் தேடுகிறான்.
நான் ஒன்றின்மேல் வலது காலையும்
மற்றதன்மேல் இடது காலையும் வைத்து நின்று
நோட்டை மெதுவாக எண்ணுகிறேன்,
இரண்டாம் தடவையும்.