சம்பளம் பற்றிக் கேட்டிருந்தாய்

மீனலோசனி,
சீனியர் மாதம் என்ன தருகிறார் என்று
இரண்டு முறை கேட்டிருந்தாய்.
அஸ்தம்பட்டிக்கு பஸ்ஸுக்கும்
மதியத் தக்காளி சாதத்துக்கும் சரியாகப் போகிறது.
தீபாவளிக்குத் தந்த கவர் கனமாக இருந்தது.
பிரித்தால் அடுத்த வருடக் காலண்டர்.
சேர்வதற்கு முன்பே கேட்டுவிடு,
சேர்ந்த பின் நாக்கு எழாது.
அறிவுரை அவ்வளவுதான்.
மற்றது நவம்பரில் நடந்தது.

முன்சீப் கோர்ட் என்னை
அட்வகேட் கமிஷனராகப் போட்டது.
ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டம்.
வாதி சடையன். பிரதிவாதி பிலோமினா.
நடுவே, தன் பக்கம் நகர்ந்து வந்துவிட்டதாக
இருவருமே சொல்லும் ஒரு வேலி.
கட்டணம் ஐயாயிரம், மனுதாரர் கட்ட வேண்டும்.
(கட்டியாகிவிட்டதா என்று குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டு
மலை ஏற வேண்டும். நான் கேட்கவில்லை.)

பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் வாந்தி.
கோட்டு பையில் இருந்ததால் தப்பியது.
கட்டு மடியில் இருந்தது;
பிளாஸ்டிக் உறை போட்ட புண்ணியத்தில்
வாதியின் பத்திரமும் தப்பியது.

தோட்டத்தில் இரண்டு தரப்பும் காப்பி வைத்திருந்தார்கள்,
ஒன்று சில்வர் டம்ளரில், ஒன்று பீங்கானில்.
பனி இறங்கிக்கொண்டிருந்தது. பல் தட்டியது.
நான் என் பாட்டில் தண்ணீரைக் குடித்தேன்.
ஒன்றைக் குடித்தால் ஒரு தரப்பு ஆட்சேபிக்கும்,
இரண்டையும் குடித்தால் இரண்டு தரப்பும்.
வாசனைக்கு ஆட்சேபணை இல்லை,
அதை மட்டும் ஆழமாக இழுத்துக்கொண்டேன்.

சர்வேயர் அர்த்தநாரி டேப்பை இழுத்துப் போய் நின்ற இடத்தில்
எல்லைக்கல் இல்லை.
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் இருந்தது.
மண்ணைக் கிளறினோம்.
நாய் எலும்பைக் கவ்வியதுபோல்
வேர் கல்லைக் கவ்வியிருந்தது,
ஒரு மூலை மட்டும் வெளியே.

"எங்கப்பா வெச்ச மரம், எழுதிக்கோங்க" என்றார் சடையன்.
"பத்து வருசம்கூட ஆகல" என்றது அந்தப் பக்கம்.

இரவு அறையில் எழுதினேன்:
'வயதான ஒரு மரத்தின் வேரினுள் எல்லைக்கல்.'
படித்துப் பார்க்கப் பெருமையாக இருந்தது.
கல்லூரி ஆண்டுமலர்கூட ஞாபகம் வந்தது.
விளக்கை அணைத்த பிறகுதான்
அந்த முதல் சொல் உறுத்தியது.
வயதை நான் எங்கே பார்த்தேன்?
கண் பார்த்தது பட்டையை.
டேப் பார்த்தது சுற்றளவை.
ஒரு குடும்பம் முப்பது வருடம் பறித்த காப்பி
என் ஒரு பெயரடையில் தொங்கிக்கொண்டிருந்தது.
எழுந்து அடித்தேன்.

'தரையிலிருந்து நான்கடி உயரத்தில்
சுற்றளவு ஐந்தடி இரண்டங்குலம்.
வேரினுள் கல். தெரிந்த பாகம் ஒன்பதங்குலம்.'

அறிக்கை தாக்கலானதும் வாதியின் வக்கீல் போன் செய்தார்.
"மரம் பழசுன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமேம்மா."
பார்த்ததைப் போட்டேன் சார் என்றேன்.
குரல் நடுங்கியது.
போனில் தெரியாது என்று நினைத்தேன்,
தெரிந்திருக்கும்.

காப்பி குடிக்காமலே
இரண்டு தரப்பும் ஆட்சேபணை போட்டார்கள்.
கூண்டில் ஏறினேன்.
மரத்தின் வயது என்ன?
தெரியாது.
கோர்ட்டில் நான் பிசிறில்லாமல் சொன்ன
முதல் சொல் அது.

கட்டணம் பிப்ரவரியில் வந்தது.
அன்று மாலையே கடைவீதியில்
முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கினேன்.

நீ இங்கே வரலாமா,
பெங்களூர் கம்பெனிக்குப் போகலாமா,
ஜட்ஜ் பரீட்சைக்கு உட்காரலாமா?
தெரியாது, மீனலோசனி.
இந்தச் சொல் இப்போது சுலபமாக வருகிறது.
வந்தால் டேப் வாங்காதே, என்னுடையது இருக்கிறது.
வாந்தி மாத்திரை மட்டும்
உன் செலவு.